மேல்மாடம் வாங்குமுன் கீழ்வீட்டைக் கேட்போம்



சில வாரங்களுக்கு முன், ஷார்ஜாவில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தார். சென்னையில் திருவல்லிக்கேணியை ஒட்டிய பழைய தெரு ஒன்றில் விற்பனைக்கு வந்திருக்கும் சொகுசு அடுக்குமாடி வீடு அது. ‘லாஃப்ட்’ என்று பெயரிட்டிருந்தார்கள். இரண்டு ஆள் உயரத்திற்கும் மேலாக எழும்பிய கூடம், அந்தக் கூடத்திற்குள்ளேயே இரும்புப் படியேறிச் செல்லும் ஓர் உள்மாடி, பூச்சில்லாமல் விடப்பட்ட செங்கற்சுவர், பெரிய கண்ணாடிச் சாளரத்திற்கு அப்பால் பழைய நகரத்தின் கூரைகள். படங்களுக்குக் கீழே அவர் இப்படி எழுதியிருந்தார்: "ஹஜ்ரத், இத வாங்கலாமா? ஊர் வீட்ட வித்துட்டு மீதிக்கு லோன் போடலாம்னு இருக்கேன். துஆ செய்யுங்க."

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம் வீடுகளில் லாஃப்ட் என்றால் பரண். சமையலறைக்கு மேலே பழைய தேக்சாவும், பெருநாளைக்கு மட்டும் இறங்கும் பெரிய சட்டியும், கல்யாணப் பாயும் தூசி படிந்து கிடக்கும் இடம். அந்தப் பெயரைச் சூட்டிக் கோடி ரூபாய்க்கு மேல் விலை சொல்லும் காலம் வரும் என்று நம் பாட்டிமார்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தச் செய்தியை இரண்டாம் முறை வாசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. "ஊர் வீட்டை விற்றுவிட்டு" என்ற சொற்களில் நான்கு மனிதர்களின் உரிமை அடங்கியிருந்தது. "மீதிக்கு லோன்" என்பதில் இன்னொரு பெரிய விஷயம் இருந்தது. கூடும், கூடாது என்று ஒற்றைச் சொல்லில் பதில் எழுத இயலவில்லை. அவருக்கு எழுதிய நீண்ட பதிலையே, அவருடைய அனுமதியோடு, பெயரைத் தவிர்த்து இங்கே விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்காமலிருக்கும் குடும்பங்கள் நம்மில் பல உண்டு.

முதலில் அந்த மேல்மாடத்தைப் பற்றி.

இந்த வகை வீடு பிறந்தது அரண்மனையில் அல்ல. நியூயார்க் நகரத்தின் சோஹோ பகுதியில் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் காலியானபோது, வாடகை கொடுக்க வசதியில்லாத ஓவியர்களும் சிற்பிகளும் 1960களில் அங்கே குடியேறினார்கள். உயரமான கூரையும் பூசாத சுவரும் அவர்களுக்கு அழகுக்காக அமைந்தவை அல்ல. வேறு கதியில்லாததால் அமைந்தவை. பின்னர் அந்த எளிமை நாகரிகமாயிற்று, விலை ஏறியது. அங்கே குடியிருந்தவர்களைப் பாதுகாக்க 1982இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஏழையின் நிர்ப்பந்தம் பணக்காரரின் ரசனையாக மாறுவது உலகத்திற்குப் புதிதன்று.

நபி (ஸல்) அவர்களும் ஒரு மேல்மாடத்தில் தங்கியிருக்கிறார்கள். மனைவியரை விட்டு ஒரு மாதம் விலகியிருப்பதாகச் சத்தியம் செய்த காலத்தில், பேரீச்ச மரத்தண்டால் ஆன படியில் ஏறிச் செல்லும் ஒரு மேலறையில் அவர்கள் இருந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அனுமதி பெற்று மேலே சென்று பார்த்தபோது, அங்கே விரிப்பில்லாத பாயும், பேரீச்ச நார் அடைத்த தோல் தலையணையும், ஒரு கைப்பிடி அளவு வாற்கோதுமையும், தொங்கவிடப்பட்ட தோல்களுமே இருந்தன. பாயின் தடம் நபியவர்களின் விலாவில் பதிந்திருந்தது. கிஸ்ராவும் கைஸரும் வாழும் வாழ்வை எண்ணி உமர் (ரலி) அழுதார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் விரிவாக இடம்பெற்றுள்ள நிகழ்ச்சி இது. மதரஸாவில் இதைப் பாடம் நடத்தும்போது, அறையிலிருந்த பொருட்களைப் பட்டியலிடச் சொல்வேன். பிள்ளைகள் விரல்விட்டு எண்ணி முடித்துவிடுவார்கள்.

இன்னொரு மேல்மாடமும் நினைவுக்கு வருகிறது. அன்சாரித் தோழர் ஒருவர் உயரமான குவிமாட அறை ஒன்றைக் கட்டியிருந்தார். நபியவர்கள் அதைப் பார்த்து யாருடையது என்று கேட்டறிந்தார்கள். பிறகு அவர் வந்து ஸலாம் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காரணத்தைத் தோழர்களிடம் விசாரித்து அறிந்த அவர், போய் அந்தக் கட்டடத்தைத் தரைமட்டமாக்கிவிட்டார். அனஸ் (ரலி) அறிவிக்க, அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது. தவிர்க்க இயலாததைத் தவிர மற்றக் கட்டடங்கள் உரியவர்மீது சுமையாகும் என்ற கருத்தையும் நபியவர்கள் அதன் முடிவில் தெரிவித்தார்கள்.

இத்தகைய ஹதீஸ்களை எடுத்துக்காட்டி, மாடி வீடே ஆகாது, அடுக்குமாடி என்பதே கியாமத்தின் அடையாளம் என்று மேடையில் முழங்கும் சகோதரர்கள் சிலர் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கட்டடங்களில் போட்டியிட்டு உயர்வதைத்தான் ஜிப்ரீல் (அலை) அவர்கள் தொடர்பான ஹதீஸ் அடையாளமாகக் கூறுகிறது. நிலம் இல்லாத நகரத்தில் பத்துக் குடும்பங்கள் ஒரே மனையில் அடுக்கடுக்காக வாழ்வது போட்டியாகாது. நல்ல மனைவி, நல்ல அண்டைவீட்டார், நல்ல வாகனம் ஆகியவற்றோடு விசாலமான வீட்டையும் மனிதனின் நற்பேறுகளில் ஒன்றாக எண்ணிய அறிவிப்பும் நம்மிடம் இருக்கிறது. ஆகவே கடல் கடந்து பதினொரு ஆண்டுகள் எட்டுப் பேர் தங்கும் அறையில் கட்டிலின் மேல்தட்டில் படுத்து உழைத்த ஒருவர், தன் பிள்ளைகளுக்காக வெளிச்சமான வீடு ஒன்றை விரும்புவதை நான் குறைகூற மாட்டேன்.

மேல்மாடத்தில் வாழ்வதற்கு ஓர் ஒழுக்கம் உண்டு என்பதை மட்டும் சொல்வேன். ஹிஜ்ரத்தின் தொடக்கத்தில் நபியவர்கள் அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்களின் வீட்டில் கீழ்த்தளத்தில் தங்கினார்கள். அபூ அய்யூப் தம்பதியர் மேலே இருந்தார்கள். ஒருநாள் மேலே தண்ணீர்ப் பானை உடைந்தது. ஒரு சொட்டும் கீழே ஒழுகிவிடக்கூடாது என்று, தங்களிடம் போர்த்திக்கொள்ள இருந்த ஒரே போர்வையால் அத்தண்ணீரை ஒற்றி எடுத்தார்கள். இன்றைய அடுக்குமாடிகளில் சங்கத்துக் கூட்டம் எதற்குச் சென்றாலும் பெரும்பாலும் ஒரே வழக்குதான் ஓடிக்கொண்டிருக்கும்: மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகுகிறது, செலவு யாருடையது?

மேல்வீட்டில் நாம் வாங்குவது எதை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நம் ஹனஃபி இமாம்கள் இதை நுணுக்கமாகப் பேசியிருக்கிறார்கள். கட்டி முடித்து நிற்கும் மேல்தளத்தை விற்கலாம். மேல்தளம் இடிந்துபோய், மேலே கட்டிக்கொள்ளும் வெறும் உரிமை மட்டும் மிஞ்சினால், அதைத் தனியாக விற்க முடியாது. ஏனெனில் வெற்று வெளி பொருளாகாது என்பது அவர்களின் வாதம். மாலிகி, ஷாஃபிஈ அறிஞர்கள் மேலே கட்டும் உரிமையை விற்பதற்கு இடமளித்தார்கள். இன்று நம் நாட்டுப் பத்திரத்தில் ‘பிரிக்கப்படாத மனைப் பங்கு’ என்று ஓர் அளவு எழுதப்படுகிறது. கட்டடம் அறுபது ஆண்டுகளில் பழுதாகலாம். எஞ்சுவது அந்தப் பங்குதான். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் கட்டட விதிகள், சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீட்டை 2 என உயர்த்தின. அதாவது 1,200 சதுர அடி வீட்டுக்கு நேர்விகிதப்படி மனையில் வருவது சுமார் 600 சதுர அடி. கூடுதல் கட்டணம் கட்டி மேலும் தளங்கள் எழுப்பினால் அதனினும் குறைவு. விளம்பரத்தில் வழிநடையையும் மின்தூக்கியையும் சேர்த்து ஊதிய பரப்பைச் சொல்வார்கள். உள்ளே நடக்கக் கிடைக்கும் கார்பெட் பரப்பைச் சொல்ல வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. அளவு மறைந்த வியாபாரத்தை ஷரீஅத் ‘கரர்’ என்று அழைக்கிறது. ஆகவே அந்தச் சட்டம் கேட்கச் சொல்வதைக் கேட்பது நமக்கு மார்க்கக் கடமையுமாகும்.

இவையெல்லாம் வாங்கும் வீட்டைப் பற்றியவை. விற்கும் வீட்டைப் பற்றி எழுதும்போதுதான் என் கை தயங்கியது.

திருமழபாடிப் பக்கத்தில், கொள்ளிடத்தின் வடகரைக்கு இறங்கும் வழியில் இருக்கிறது அவருடைய ஊர் வீடு. ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, பின்னால் கிணறு. மாணவரின் அத்தா மவுத்தாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அம்மா அங்கேதான் இருக்கிறார். இரண்டு சகோதரிகள், ஒருவர் லால்குடியிலும் ஒருவர் அரியலூரிலும் வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள். இந்த ஆறு ஆண்டுகளில் ஃபராயிள் கணக்கு ஒருமுறையும் எடுக்கப்படவில்லை. எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. வரி ரசீது அத்தா பெயரிலேயே வந்துகொண்டிருக்கிறது.

கடன்களும் வஸிய்யத்தும் தீர்ந்தபின் கணக்கு இதுதான். மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சிய எட்டில் ஏழு, ஆண் பிள்ளைக்கு இரண்டு பங்கு, பெண் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பங்கு. வீட்டை 32 பங்காக்கினால் அம்மாவுக்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்கு 7, 7. எங்கள் வீடு, என் வீடு என்று அவர் சொல்லிவந்த அந்த வீட்டில் பாதிகூட அவருடையதில்லை. பெண்கள் மூவருக்கும் சேர்த்து 18 பங்கு.

இதை எழுதி அனுப்பியபோது அவருக்கு அதிர்ச்சி. "தங்கச்சிங்களுக்குக் கல்யாணத்துல நகை போட்டாச்சு ஹஜ்ரத். அவங்க கையெழுத்துப் போட்டுடுவாங்க" என்றார். நான் அறிந்த வீடுகளில் பாதியில் இந்த வாசகத்தைக் கேட்டிருக்கிறேன். அத்தா உயிரோடிருக்கும்போது மகளுக்குப் போட்ட நகை அன்பளிப்பு. அது வாரிசுப் பங்கின் முன்பணமாகாது. பதிவு அலுவலக வாசலில் வைத்து, ஒரு பட்டுப்புடவையும் பிரியாணிச் சாப்பாடும் கொடுத்து வாங்கும் விடுதலைப் பத்திரத்தில், கையெழுத்து இருக்கிறது. மனம் இருக்கிறதா என்பதை அல்லாஹ் அறிவான். அண்ணன் முகம் கோணும், தாய்வீட்டு வாசல் அடைபடும் என்ற அச்சத்தில் போடும் கையெழுத்து மனப்பொருத்தமாகாது. தன் பங்கு எத்தனை ரூபாய் பெறும் என்பதைத் தெரிந்துகொண்டு, கையில் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பும் கிடைத்தபின், அவர் விரும்பி விட்டுக்கொடுத்தால் அது வேறு.

நிலத்தில் பெண்களுக்கு ஷரீஅத் பங்கு சட்டப்படி இல்லை என்று எங்கள் பக்கத்தில் சிலர் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டது உண்மைதான். ஆனால் 1949இலேயே சென்னை மாகாணத் திருத்தம் அந்த விதிவிலக்கை இங்கே நீக்கிவிட்டது. வீட்டு மனைக்கோ அந்த விதிவிலக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

அடுத்தது, யாருக்கு விற்பது. மனை வணிகர் ஒருவர் 18 இலட்சம் கேட்டிருக்கிறார். மொத்தப் பணமும் கையோடு. பக்கத்து வீட்டுப் பெரியவர் 15 இலட்சத்திற்கு மேல் தம்மால் இயலாது, அதுவும் அறுவடைக்கு அறுவடை மூன்று தவணையாக என்று சொல்லியிருக்கிறார். பெரியவர் நம் மார்க்கத்தவர் அல்லர். இரண்டு வீட்டுக்கும் ஒரே சந்து, கிணறும் பொது. அத்தா மவுத்தான இரவில் மண்ணெண்ணெய் விளக்கோடு முதலில் வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் அவர்தான். மூன்று இலட்சம் வித்தியாசம் என்பது மாணவரின் பேச்சு.

ஸஹீஹுல் புகாரியில் ஒரு வியாபாரம் பதிவாகியிருக்கிறது. நபியவர்களால் விடுதலை செய்யப்பட்ட அபூ ராஃபிஉ (ரலி) அவர்களுக்கு, ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்துக்குள் இரண்டு குடியிருப்பு அறைகள் இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளுமாறு அவர் ஸஅதிடம் கேட்டார். ஸஅத் முதலில் மறுத்தார். உடனிருந்த மிஸ்வர் இப்னு மக்ரமா (ரலி) வற்புறுத்தியபின், நாலாயிரம் திர்ஹத்திற்கு மேல் தர இயலாது, அதுவும் தவணையாகத்தான் என்றார். அபூ ராஃபிஉக்கு வெளியிலிருந்து ஐந்நூறு தீனார் விலை வந்திருந்தது. அது நாலாயிரம் திர்ஹத்தைவிட மிக அதிகம். இருந்தும் அவர் ஸஅதுக்கே கொடுத்தார். அண்டையில் இருப்பவருக்கே அதில் அதிக உரிமை என்று நபியவர்கள் சொல்லத் தாம் கேட்டிராவிட்டால் அவ்வாறு கொடுத்திருக்க மாட்டேன் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். எனக்கு இந்த அறிவிப்பில் மிகவும் பிடித்தது அந்த வெளிப்படைத்தன்மை. மனம் வலிக்கிறது என்பதை மறைக்கவில்லை, கொடுக்காமலும் இருக்கவில்லை. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முந்தைய அந்த வியாபாரத்தில் குறைந்த விலை, தவணை, பக்கத்து வீட்டார் எல்லாம் அப்படியே இருப்பதைக் கண்டு மாணவர் வாயடைத்துப்போனார்.

ஃபிக்ஹில் இதற்கு ‘ஷுஃப்ஆ’ என்று பெயர். ஹனஃபி மத்ஹபில் முதல் உரிமை கூட்டு உரிமையாளருக்கு. இங்கே அவர்கள் அம்மாவும் சகோதரிகளும். அடுத்து வழியும் நீரும் பொதுவாக உள்ளவருக்கு. மூன்றாவதாக ஒட்டிய வீட்டாருக்கு. ஷாஃபிஈ மத்ஹபில் கூட்டு உரிமையாளரோடு நின்றுவிடும். காயல்பட்டினம், கீழக்கரைச் சகோதரர்கள் இதைக் கவனத்தில் கொள்ளலாம். அண்டைவீட்டார் முஸ்லிமல்லாதவராயினும் இவ்வுரிமையில் குறைவில்லை என்பதே ஹனஃபி நிலைப்பாடு. அந்தப் பெரியவருக்குச் சந்தும் கிணறும் பொது என்பதால் அவர் இரண்டாம் படியில் நிற்கிறார்.

நீதிமன்றத்துக்குப் போனால் அவருக்கு எதுவும் கிடைக்காது. சென்னை உயர்நீதிமன்றம் 1870லேயே இந்த மாகாணத்தில் ஷுஃப்ஆ செல்லாது என்று கூறிவிட்டது. அண்டைவீட்டார் என்ற ஒரே காரணத்துக்கான முன்வாங்கும் உரிமையை 1962இல் உச்சநீதிமன்றமும் அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. கூட்டுப் பங்காளியின் நிலை அப்படியன்று. குடியிருக்கும் வீட்டில் ஒருவரின் பங்கை வெளியார் வாங்கிப் பாகப்பிரிவினைக்கு வழக்கிட்டால், மற்றப் பங்காளிகள் அதை உரிய விலைக்கு வாங்கிக்கொள்ள 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் வழிவிடுகிறது. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில்தான் அபூ ராஃபிஉ போன்றவர்களின் செயல் நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது.

இப்படி விற்று விற்று என்ன ஆகும் என்பதற்கு, கண்ணெதிரே உள்ள ஓர் ஊரைச் சொல்கிறேன். இலங்கையின் தென்மேற்குக் கரையில் இருக்கும் காலிக் கோட்டை. நம் தமிழில் அந்தப் பெயருக்கு இருக்கும் பொருள் கொஞ்சம் உறுத்துகிறது, இருக்கட்டும். போர்த்துக்கீசியர் தொடங்கி, 1640இல் கைப்பற்றிய டச்சுக்காரர் பெரிதாகக் கட்டி, 1796இல் ஆங்கிலேயர் வசமான கோட்டை அது. உள்ளே தெருக்கள், வீடுகள், கடைகள் என்று ஓர் ஊரே இருக்கிறது. அவ்வூரின் மக்களில் பெரும்பகுதியினர் தமிழ் பேசும் முஸ்லிம்கள். மாணிக்க வியாபாரமும் கப்பல் வியாபாரமும் செய்தவர்கள். கலங்கரை விளக்கத்தின் எதிரே 1904இல் எழுந்த மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலைத் தேவாலயம் என்றே பயணிகள் முதலில் நினைப்பார்கள். கட்டட அமைப்பு அப்படி. கோட்டைக்குள்ளேயே பஹ்ஜத்துல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரியும் இருக்கிறது. எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு அது மரியாதைக்குரிய பெயர்.

1988இல் யுனெஸ்கோ அக்கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதன்பின் வெளிநாட்டார் வரத் தொடங்கினார்கள். லெயின்பான் தெருவிலும் பெட்லர் தெருவிலும் உள்ள டச்சுக்கால வீடுகளின் தடித்த சுவரும் உள்முற்றமும் அவர்களை மயக்கின. பல குடும்பங்கள் விற்றன. ஏன் விற்றார்கள் என்பதைப் புரிந்துகொள்வது கடினமன்று. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு வீடு. பாரம்பரியச் சட்டத்தால் சுவரை இடிக்கவோ மாடி எழுப்பவோ அனுமதியில்லை. பழைய ஓட்டைப் பழுதுபார்க்கப் பணமில்லை. எதிரே கனவிலும் காணாத விலையோடு ஒருவர். விற்றவர்களைக் குறைசொல்ல எனக்கு நாவெழவில்லை. ஆனால் அந்த வீடுகள் விடுதிகளாகவும் விடுமுறை மாளிகைகளாகவும் மாறின. இலங்கை அரசு 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால், வெளிநாட்டாருக்கு நிலத்தை முழு உரிமையாக மாற்றுவதைத் தடைசெய்தது. அதிலும் ஒரு விதிவிலக்கு: அடுக்குமாடியின் நான்காம் தளத்திலும் அதற்கு மேலும் உள்ள வீடுகளை அவர்கள் வாங்கலாம் என்று அச்சட்டம் அப்போது இடமளித்தது. மண் விலக்கப்பட்டது, மேல்மாடம் அனுமதிக்கப்பட்டது.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் நம் வாசகர்களில் பலருக்கு இன்னும் நெருக்கம். 1801இல் காதர் முகைதீன் அவர்களின் முயற்சியால் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளியைச் சுற்றித் தமிழ் முஸ்லிம்களின் உலகமே அமைந்திருந்தது. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீங்கியதும், பல தலைமுறைகளாகச் சொற்ப வாடகையில் இருந்த குடும்பங்கள் அந்தக் கடைவீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் பெயர் ஏறியபின், காலியான கடைவீடுகள் சொகுசு விடுதிகளாயின. ஆயினும் வக்ஃபு நிலத்தை யாராலும் விற்றுவிட முடியாது என்ற ஒரு நிலைப்பாடு அங்கே எஞ்சியவற்றைத் தாங்கி நிற்கிறது. வக்ஃபின் அருமை அது இல்லாத தெருவில்தான் தெரியும்.

வேறுவிதமாகவும் செய்ய முடியும். மும்பையின் பேண்டி பஜாரில் தாவூதி போரா சமூகத்தார் 2009இல் ஓர் அறக்கட்டளையை அமைத்தார்கள். கொள்கை வேறுபாடுகள் ஒருபுறமிருக்கட்டும், செயலைப் பார்ப்போம். சுமார் 16.5 ஏக்கரில் இடிந்துவிழும் நிலையிலிருந்த ஏறத்தாழ 250 கட்டடங்கள், 3,200 குடும்பங்கள், 1,250 கடைகள். வாடகைக்கு ஒற்றை அறையில் இருந்த குடும்பங்களுக்குக் குறைந்தது 350 சதுர அடியில் சொந்த வீடு. அச்செலவை ஈடுகட்ட, சில கோபுரங்களை வெளிச்சந்தையில் நல்ல விலைக்கு விற்பது என்பது திட்டம். பழைய கட்டடங்களின் அழகு போயிற்றே என்று வருந்துவோர் அங்கும் உண்டு. தாமதமும் குறைகளும் உண்டு. ஆனாலும் அங்கே பழைய குடியினர் கணக்கில் முதலில் எழுதப்பட்டார்கள். மேல்மாடத்தை வாங்கிய பணக்காரரின் பணம் கீழ்வீட்டுக்காரரின் கூரையானது. திருவல்லிக்கேணி விளம்பரத்தில் நான் தேடியது இதைத்தான். அந்த மனையில் முன்பு யார் இருந்தார்கள், எங்கே போனார்கள்? 1795ஆம் ஆண்டின் வாலாஜா பள்ளிவாசலைப் பாருங்கள், நடக்கும் தூரம் என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். அந்தப் பள்ளியின் முதல் ஸஃப்பில் நிற்கும் முதியவர்கள் வாடகை தாளாமல் புறநகருக்குப் போய்விட்டால், நடக்கும் தூரம் யாருக்கு?

இனி அந்த லோன். இதில் சுற்றிவளைக்க ஒன்றுமில்லை. ஒரு கோடி ரூபாயை 8.5 விழுக்காட்டில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 86,800 ரூபாய். மொத்தம் கட்டுவது 2 கோடியே 8 இலட்சத்துக்கும் மேல். ஒரு வீட்டுக்கு இரண்டு வீட்டின் விலை. வட்டியின் தீமையை ஆயத்தாலும் ஹதீஸாலும் அறிந்த நமக்கு இந்தக் கணக்கு தேவையில்லை; ஆனாலும் மாணவர் கணக்காளர் என்பதால் கணக்கையும் எழுதினேன். ஜித்தாவின் பன்னாட்டு ஃபிக்ஹ் அகாடமி 1990இல் வட்டிக்கடன் வழியான வீட்டு நிதியை விலக்கி, தவணை விற்பனை, கட்டித்தரும் ஒப்பந்தமான இஸ்திஸ்னாஃ முதலிய வழிகளைக் காட்டியது. நம் நாட்டில் வட்டியில்லா வங்கிக்கு ரகுராம் ராஜன் குழு 2008இல் பரிந்துரைத்தும், 2017இல் ரிசர்வ் வங்கி அதைத் தொடரப்போவதில்லை என்று தெரிவித்துவிட்டது. வழி குறுகலானதுதான், மறுக்கவில்லை. கட்டுநரிடமே வட்டியில்லாத நேரடித் தவணை கேட்கலாம். கொஞ்சம் கூடுதல் விலையாயினும் தொடக்கத்திலேயே நிர்ணயிக்கப்பட்ட விலை ஹலால். அது கிடைக்காவிட்டால் சின்ன வீடு, இல்லையேல் வாடகை வீடு. வாடகை வீட்டில் மவுத்தானவரை அல்லாஹ் ஏன் என்று கேட்கப்போவதில்லை.

வீட்டை விற்பவர் அதன் விலையை அதைப் போன்றதிலேயே போடாவிட்டால் அதில் பரக்கத் இராது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. அதைக் காட்டி மாணவர் என்னையே மடக்கினார்: "நானும் வீட்ட வித்து வீடுதானே ஹஜ்ரத் வாங்குறேன்?" நல்ல கேள்விதான். அவருடைய 14 பங்கின் விலையைக் கொண்டு அவர் வாங்கட்டும், தடையில்லை. அம்மாவின் 4 பங்கும் தங்கைமாரின் 14 பங்கும் அந்த மேல்மாடத்தின் செங்கல்லாகக் கூடாது என்றேன்.

எங்கள் மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல்தான் சிமெண்டாகிப் பட்டணமெங்கும் மாடியாக நிற்கிறது. கொள்ளிடத்து மணலும் லாரி லாரியாக ஏறிப்போனதைக் கரையில் நின்று பார்த்தவன் நான். அரியலூர்க்காரர் ஒருவர் தன் ஊர் மண்ணையே பட்டணத்தில் கோடி கொடுத்துத் திரும்ப வாங்குகிறார் என்று அவரிடம் வேடிக்கையாகச் சொன்னேன். சிரித்தார், ஆனால் அன்றைக்கு முன்பணம் அனுப்பவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தங்கைமார் இருவரையும் அவரே அழைத்துப் பேசியிருக்கிறார். மூத்த தங்கை, ஆளுக்கு 7 பங்கு என்றதும் நம்பாமல் எனக்கே அழைத்து மீண்டும் கேட்டார். இளையவர் தன் பங்கைப் பணமாக வேண்டாம், கிணற்றுப் பக்கத்து இடமாக வேண்டும் என்கிறார். அப்படியானால் விற்பதற்கு மிஞ்சுவது குறைந்துவிடும். பக்கத்து வீட்டுப் பெரியவரின் 15 இலட்சக் கணக்கும் மாறிவிடும். அடுத்த மாதம் அவர் விடுமுறையில் வரும்போது பத்திரம், வாரிசுச் சான்று, அளவு நாடா எல்லாவற்றோடும் அந்தத் திண்ணையில் உட்காரப்போகிறோம். பெரியவரையும் அழைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் விளம்பரத்துப் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். மூட்டுவலிக்காரர். கூடத்து நடுவே ஏறும் அந்த இரும்புப் படியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "படுக்கை மேலயா இருக்கு? நான் எங்க தொழுவேன்?" என்று மட்டும் கேட்டாராம்.

வல்லாஹு அஃலம்.